எத்தனை ரவுண்டு சுட்டுப் பார்த்தீங்க?

“துணிக்கடையா சார் இது, போட்டுப் பார்த்துட்டு வாங்குறதுக்கு?”

சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடை. கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எதிரே நின்றவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கும் தண்டலத்துக்காரர். இப்போது ஒரு பெட்ரோல் பங்க்கில் மேனேஜர். வசூல் பணத்தை எடுத்துப்போய் வங்கியில் கட்டுவது அவர் பொறுப்பு. இரண்டு முறை யாரோ பைக்கில் பின்தொடர்ந்ததாகத் தோன்றியதும், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டு மனு போட்டார். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் என்று அலைந்து, ஒருவழியாக உரிமம் கைக்கு வந்துவிட்டது. குறிப்பிட்ட காலத்துக்குள் துப்பாக்கியை வாங்கிப் பதிவுசெய்ய வேண்டும். கையில் இருப்பது ஒன்றரை லட்சம் ரூபாய்.

இருப்பதிலேயே விலை குறைந்த செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார். பணம் கட்டும் முன் கேட்ட ஒரே கேள்வி, “இதை எத்தனை ரவுண்டு சுட்டுப் பார்த்துட்டு வாங்கலாம்?” என்பதுதான்.

அது அவருடைய கேள்வி இல்லை. மகள் சொல்லி அனுப்பிய கேள்வி. மகள் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறார். “அப்பா, நாங்க ஒரு கதவு கீலை வெளியே அனுப்பணும்னாக்கூட ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடிப் பார்க்கிறோம். நீங்க உயிரை நம்பிக் கொடுக்கப்போற பொருளை, கண்ணாடிப் பெட்டிக்குள்ள பார்த்துட்டு வாங்கிட்டு வரப்போறீங்களா?” என்று காலையில் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. பட்ஜெட் துப்பாக்கியின் தரத்தை எடைபோட இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

பைக்குக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு?

தண்டலத்திலிருந்து ஒரகடம் பக்கம் ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை பழகிய அடையாளம். ஒரகடத்தில் 2013-லும், வல்லம் வடகாலில் 2017-லும் அதன் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு துப்பாக்கி இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் ஊசியும் சைக்கிளும் செய்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு, 1890-களில் என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் பிறந்ததுதான் ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயர். ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பதுதான் அதன் பழைய விளம்பர வாசகம்.

துப்பாக்கி என்றாலே துல்லியம், உறுதி என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஆனால் எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுபோல் இல்லை என்பது ஹவில்தாருக்குத் தெரியும். பட்டாளத்தில் எஸ்.எல்.ஆர், இன்சாஸ் இரண்டையும் தூக்கியவர். “அங்கே துப்பாக்கியைச் சோதிக்கிறது சர்க்காரோட வேலை. நம்ம கைக்கு வரும்போது அது பாஸாகித்தான் வரும்” என்பார். சொந்தக் காசில் வாங்கும்போது அந்தச் சர்க்கார் பக்கத்தில் இல்லை.

சந்தையில் என்ன கிடைக்கிறது?

இந்தியாவில் சாதாரணக் குடிமகன் 9 மி.மீ பிஸ்டல் வாங்க முடியாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட ரகம். பெரும்பாலும் போலீஸும் ராணுவமும்தான் வைத்திருக்கும். உரிமதாரர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 ரகம்.

1980-களின் நடுப்பகுதியில் தனியாருக்கான இறக்குமதிக் கதவு அடைபட்டது. அதற்கு முன் வந்த பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கை மாறும்போது விலை பல மடங்கு போகும். புதிதாக வாங்க வேண்டுமென்றால் இந்தியத் தயாரிப்புதான். நீண்ட காலம் அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் மட்டுமே செய்தன. 2021 அக்டோபர் 1 அன்று அந்தத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, கான்பூர், இஷாப்பூர், காசிப்பூர் ஆலைகளெல்லாம் இப்போது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. தனியாரும் வந்துவிட்டார்கள். ஹரியானாவின் ஹிசாரில் பிரேசிலின் டாரஸ் நிறுவனத்துடன் கூட்டாக ஓர் ஆலை, உத்தரப்பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரில் ஓர் ஆலை.

விலை? கான்பூரில் 2014-ல் பெண்களை மனதில் வைத்து அறிமுகமான ‘நிர்பீக்’ ரிவால்வரின் விலை அப்போதே சுமார் 1.22 லட்சம். எடை அரை கிலோதான் என்றாலும், அந்த விலை அன்றைக்கே பெரிய விவாதமானது. இப்போது வரியும் ஏறிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் கைத்துப்பாக்கிக்கு 40 சதவீதம் ஜி.எஸ்.டி. 350 சி.சி-க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளும் அதே வரிப் படியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ‘பட்ஜெட் பிஸ்டல்’ என்றால் 200 டாலரை ஒட்டிய விலை. இங்கே பட்ஜெட் என்பதே லட்ச ரூபாய் சமாசாரம்.

எங்கே சிக்கும்?

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். ஒன்று வெடிக்கவில்லை என்றால், ட்ரிக்கரை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டல் வேறு மாதிரி. தோட்டா வெடிக்கும் விசையே மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் தள்ள வேண்டும். காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிய வேண்டும். ஸ்ப்ரிங் ஸ்லைடை முன்னால் தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறி உட்கார வேண்டும். கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்தாக வேண்டும். இதில் எந்தப் படியில் பிசகினாலும் துப்பாக்கி ஜாம்.

விலை குறைந்த பிஸ்டலில் பிசகு வரும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது மேகசின். அதன் வாய்த் தகடு கொஞ்சம் வளைந்திருந்தாலும், ஸ்ப்ரிங் தளர்ந்தாலும் தோட்டா சரியான கோணத்தில் ஏறாது. இரண்டாவது, காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி. மூன்றாவது, ஸ்லைடைத் தள்ளும் ஸ்ப்ரிங். இதோடு மனிதக் காரணம் ஒன்றும் உண்டு. எடை குறைந்த பிஸ்டலை மணிக்கட்டு தளரப் பிடித்துச் சுட்டால், ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் காலிக் கூடு பாதியிலேயே மாட்டிக்கொள்ளும். பயத்தில் பிடி தளர்வது இயல்புதானே?

.32 பிஸ்டல் தோட்டாவுக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1899-ல் வந்த தோட்டா அது. அதன் அடி விளிம்பு உடலைவிடக் கொஞ்சம் அகலம். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால், ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு நின்றுவிடும்.

இன்னொரு குழப்பம், ‘.32’ என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டாக்கள் இருப்பது. இந்திய ரிவால்வருக்கானது நீளம் அதிகம். பிஸ்டலுக்கானது குட்டை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது.

பத்தாயிரத்துக்கு இருபது

நம்பகத்தன்மையை எப்படி அளப்பது? ராணுவங்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டன.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் இரண்டு பிஸ்டல்களைப் போட்டிக்கு வைத்தது. ஒவ்வொன்றிலும் 6,000 ரவுண்டு. சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டல் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அந்த மாதமே ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவம் புதிய பிஸ்டல் தேடியபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, முதல் 10,000 ரவுண்டில் 20 தடவைக்கு மேல் சிக்கக் கூடாது என்பது. கையாலேயே சரிசெய்துவிடக்கூடிய சின்னச் சிக்கலும் கணக்கில் சேரும். ஜெயித்தவர், அதற்கு முன் துப்பாக்கியே செய்திராத காஸ்டன் கிளாக். திரைச்சீலைக் கம்பியும் ராணுவக் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். பழைய பெயரை வைத்து ராணுவம் தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுத்தது.

கடையில் விற்கும் துப்பாக்கியும் சோதனை முடிந்துதான் வருகிறது. வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைக்கு ‘வெடித்துச் சிதறாது’ என்றுதான் அர்த்தம். ‘சிக்காது’ என்று அர்த்தம் இல்லை. கதவு கீல் உடையாது என்பதும், பத்தாயிரம் தடவை கிறீச்சிடாமல் திறக்கும் என்பதும் வேறு வேறு சான்றிதழ்கள் என்பது ஒரகடத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகள் போட்ட கணக்கு

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் மகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அம்பது ரவுண்டு சுட்டுப் பார்த்தேன், ஒண்ணுகூடச் சிக்கலைன்னு ஒருத்தர் சொன்னா நம்புவீங்களாப்பா?”

“அம்பதும் ஓடிடுச்சுன்னா நல்ல துப்பாக்கிதானே கண்ணு?”

தரக்கட்டுப்பாட்டில் ‘மூன்றின் விதி’ என்று ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பல முறை சோதித்து ஒரு பழுதும் வரவில்லை என்றால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான பழுது விகிதம் அந்த அளவுக்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

50 ரவுண்டு என்றால் 3/50. அதாவது 6 சதவீதம் வரை பழுது ஒளிந்திருக்கலாம். அந்த மோசமான கணக்கில், 8 தோட்டா மேகசின் ஒன்றைச் சுட்டு முடிப்பதற்குள் ஒரு தடவையாவது சிக்குவதற்கு 39 சதவீத வாய்ப்பு. 200 ரவுண்டு பழுதில்லாமல் ஓடினால் மேல் எல்லை 1.5 சதவீதம். மேகசினுக்கு 11 சதவீத வாய்ப்பு. ஆஸ்திரிய ராணுவத்தின் எல்லையான 10,000-க்கு 20 என்பதைப் போட்டால், மேகசினுக்கு 1.6 சதவீதம்தான்.

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “சுடாமலே வாங்கினா?”

“அப்போ கணக்கே கிடையாதுப்பா. நம்பிக்கை மட்டும்தான்.”

விலை கூடினால் போதுமா?

அதிக விலை கொடுத்தால் இந்தக் கவலை தீரும் என்பதும் சரியில்லை. அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்த பிஸ்டல், சிக் சாவர் பி320 என்ற மாடலின் ராணுவ வடிவம். அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களிடம் விற்ற பி320 சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாக வெடிப்பது சோதனைகளில் வெளிவந்தது. வாங்கியவர்களுக்கு இலவசமாக மாற்றங்கள் செய்துதருவதாக நிறுவனம் அறிவித்தது.

இந்தியர்கள் மறக்காத உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. உலகத் தரமான கருவி, தினமும் பராமரிக்கப்பட்டது. சரிசெய்து திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விட்டன. இரண்டே புள்ளிகளில் இறுதிச்சுற்று நழுவியது. மூன்று வருடம் கழித்து பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றது வேறு கதை. இயந்திரம் எதுவானாலும் எப்போதாவது சிக்கத்தான் செய்யும். ‘எவ்வளவுக்கு ஒரு முறை?’ என்று தெரிந்துவைத்திருப்பதில்தான் வித்தியாசம்.

மலிவானதெல்லாம் மோசம் என்பதும் இல்லை. அமெரிக்காவின் ஹை பாயின்ட் பிஸ்டல்கள் கனமானவை, அழகில்லாதவை என்று கேலிக்கு ஆளானவை. ஆனால் எளிமையான அமைப்பு. யார் கையில் இருந்தாலும் ஆயுளுக்கும் பழுது பார்த்துத் தருவதாக நிறுவனம் உத்தரவாதம் தருகிறது. வாங்கியவர் அந்த வார இறுதியிலேயே 200 ரவுண்டு சுட்டுப் பார்த்து, சிக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே பட்ஜெட் துப்பாக்கிக்கு மதிப்பு வருவது அப்படித்தான்.

இங்கே அந்த வசதி இல்லை. ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். தோட்டா விலையும் குறைவில்லை. சுடுவதற்கு அனுமதிபெற்ற தளம் வேண்டும். அதனால் பெரும்பாலான உரிமதாரர்கள் துப்பாக்கியை வாங்கி, நாலைந்து ரவுண்டு சுட்டுவிட்டு, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அந்தத் துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

வாங்கியே தீர வேண்டுமென்றால்

உரிமம் கையில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

* துப்பாக்கி விலையை மட்டும் பட்ஜெட்டாக வைக்கக் கூடாது. உரிமம் அனுமதிக்கும் தோட்டா, ரைபிள் கிளப் கட்டணம், கூடுதல் மேகசின், பூட்டுள்ள பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான விலை.

* காலித் துப்பாக்கியில் ஸ்லைடு தடையில்லாமல் ஓடுகிறதா, மேகசின் ஆடாமல் உட்காருகிறதா, பாதுகாப்பு விசை உறுதியாக நிற்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். குழல் மேலே மின்னுவதைவிட உள்ளே சுத்தமாக இருப்பது முக்கியம்.

* ஸ்ப்ரிங், கொக்கி, மேகசின் போன்ற உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுதி வாங்குவது நல்லது.

* சோதனையை எந்த மேகசின், எந்தத் தோட்டாவில் செய்கிறோமோ, அதே மேகசின், அதே தோட்டாவைத்தான் பிறகும் வைத்திருக்க வேண்டும்.

* தோல் உறைக்குள் வைத்து மாதக்கணக்கில் பூட்டிவைக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தைத் தோல் பிடித்துவைத்து இரும்பைத் துருவேற்றும்.

* அடிக்கடி பயிற்சி எடுக்க முடியாதவர்களுக்கு ரிவால்வர்தான் மேல். தோட்டா குறைவு. சிக்கலும் குறைவு.

உரிமத்துக்கு ஐந்து ஆண்டு ஆயுள். தேர்தல் வந்தால், காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது கள்ளத் துப்பாக்கி பக்கம் போனால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இரண்டு ஆண்டு சிறை. திருமணத்தில் ஆர்வக்கோளாறில் வானத்தை நோக்கிச் சுட்டாலும் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ உண்டு.

ஐந்து ‘ஏன்’

மகளின் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தப் பழுது வந்தாலும் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்பார்கள். ஜப்பானிய கார் ஆலைகளிலிருந்து வந்த முறை. அன்று இரவு அதை அப்பாவிடமும் எடுத்தார்.

“துப்பாக்கி ஏன்?”

“பயமா இருக்கு. அதான்.”

“ஏன் பயம்?”

“கையில ரெண்டு மூணு லட்சம் இருக்கும்மா.”

“அதை ஏன் நீங்க எடுத்துட்டுப் போறீங்க?”

“வங்கி வண்டி வந்து வாங்கிட்டுப் போற ஏற்பாடு நம்ம பங்க்ல இல்லை.”

“ஏன் இல்லை?”

ஹவில்தார் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஓனர்கிட்ட நான் கேட்டதே இல்லை” என்றார்.

ஐந்தாவது ‘ஏன்’ தேவைப்படவில்லை. உள்ளறையில் நான்கு வயதுப் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரே ஒரு பீரோ. அதன் சாவி எங்கே தொங்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

மறுநாள் கடைக்காரருக்கு ஃபோன் போனது. அந்த பிஸ்டலை இப்போதைக்கு எடுத்துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உரிமத்தின் கெடு முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் ரைபிள் கிளப்பில் சேர்ந்து, அங்கே இருக்கும் .32 பிஸ்டலையும் ரிவால்வரையும் கைவலிக்கச் சுட்டுப் பார்க்கப்போகிறார். எது எத்தனை ரவுண்டில் சிக்கியது என்று எழுதிவைக்க மகள் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

பங்க் ஓனரிடம் பேசுவது மட்டும் பாக்கி. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்பே போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.